தொலைவிலிருந்து எழுப்பும் பணிமேடை

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25ஆம் நாள் நாடு முழுதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபோது, நம் தமிழ்த்துறையின் கணிப்பொறி கல்லூரியில் பூட்டிய அறைக்குள் இருந்தது. நான் குடிகாட்டில் என் வீட்டுக்குள் இருந்தேன். பேருந்து இல்லை. இரு சக்கர வண்டியில் செல்லவும் இசைவு இல்லை.

அக்கணிப்பொறிக்குள் நான்காண்டு உழைப்பு இருந்தது. தேவனாம்பட்டினம் தொடங்கிப் பரங்கிப்பேட்டை வரை மீனவர் குடியிருப்புகளுக்குச் சென்று நம் மாணவர்கள் திரட்டிய வழக்குச் சொற்கள் அவை. வாடை, கொண்டல் என்னும் காற்றின் பெயர்கள் முதல் வலையின் உறுப்புகள் வரை, சொல்லும் பொருளும் சொன்னவர் குரலுமாகச் சேர்த்து வைத்திருந்தோம். அவற்றைக் கொண்டு ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவி ஒருவர், “சார், கோப்பெல்லாம் அங்கேயே இருக்கு. ஒப்படைக்க நாள் நெருங்குது. நான் என்ன செய்யட்டும்?” என்று தொலைபேசியில் கேட்டார். கேள்வி எளியது. அதற்கு உருப்படியான விடை காண எனக்குப் பதினெட்டு நாள்கள் ஆயின. அந்நாள்களில் கற்றதையும், கற்பதற்கு முன் இழந்ததையும் எழுதுமாறு மலர்க்குழுவினர் பணித்தனர்.

தமிழ் கற்பிப்பவனுக்கு இது புறத்துறை. கணிப்பொறித்துறை நண்பர்கள் பிழை கண்டால் பொறுத்துக்கொள்க. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இம்மலரில் ஆணைகளையும் ஒலிப்புப்படி தமிழெழுத்திலேயே தருகிறேன். கணிப்பொறியில் தட்டுவோர் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், இடையில் நான் சொல்லும் இடங்களில் மட்டும் இடைவெளி விட்டுத் தட்டுதல் வேண்டும்.

ஆணை வரியும் பணிமேடையும்

கணிப்பொறி என்றவுடன் நம் கண்முன் தோன்றுவது வண்ணப் படமும், அதன்மேல் சிறுசிறு உருக்களும், சுட்டெலி காட்டும் அம்புக்குறியும் கொண்ட ஒரு திரை. இதனைப் பணிமேடை எனலாம். இதற்கு முந்தியது ஆணை வரி. கருந்திரையில் ஒரு சிறு கோடு கண்சிமிட்டிக்கொண்டிருக்கும். நாம் ஒரு சொல்லைத் தட்டி நுழைவுப் பொத்தானை அழுத்தினால், அச்சொல்லுக்குரிய செயல் நடைபெறும். அவ்வளவே.

லினக்சு இயங்குதளத்தின் தனித்தன்மை இங்கேதான் உள்ளது. விண்டோசில் பணிமேடையும் இயங்குதளமும் உடலும் தோலும் போல ஒட்டியிருப்பவை. 1991ஆம் ஆண்டில் பின்லாந்து மாணவர் லினசு தோர்வால்டு தொடங்கிய லினக்சிலோ, பணிமேடை என்பது வேண்டும்போது அணிந்து வேண்டாதபோது களையும் மேலாடை. கே.டி.ஈ. 1996இலும், குனோம் 1997இலும், எக்ஸ்எப்சிஈ அதே காலத்திலும் தொடங்கப்பெற்ற வெவ்வேறு மேலாடைகள். மூன்றும் இல்லாமலும் லினக்சு நன்றாகவே இயங்கும். எனவே பணிமேடையை ஓர் ஆணையால் எழுப்பவும், ஓர் ஆணையால் இறக்கவும் இயலும். தொலைவிலிருந்து வேலை செய்ய விரும்புவோனுக்கு வேண்டிய வாய்ப்பு இதுவே. ஆணை வரியின் எழுத்துகள் மெல்லிய இணைப்பிலும் விரைந்து செல்லும். முதலில் எழுத்தால் உள்ளே நுழைந்து, பிறகு உள்ளிருந்தபடியே மேடையை எழுப்பலாம்.

நம் மாணவர் பலர் லினக்சைத் தாம் கண்டதே இல்லை என்பர். உண்மையில் பலர் வீட்டில் அது இருந்தது. 2011ஆம் ஆண்டு தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், தொடக்க ஆண்டுகளில் வழங்கிய கருவிகளில் விண்டோசுடன் பாஸ் என்னும் லினக்சும் இடம்பெற்றிருந்தது. சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்சை அடிப்படையாகக் கொண்டு சென்னையில் உருவாக்கிய இயங்குதளம் அது. பெரும்பாலோர் அதனைத் திறந்தும் பாராமல் அழித்துவிட்டு, அந்த இடத்தில் திரைப்படங்களைச் சேமித்தனர். அதை அப்போது நானும் தடுக்கவில்லை. அந்தப் பழைய மடிக்கணினி ஒன்றுதான் 2020இல் அம்மாணவியின் கைக்கு உதவியது. தொலைப்பணியில் வேலை நடப்பது மறுமுனையில். இம்முனையில் உள்ள கருவி படத்தைக் காட்டினால் போதும். ஆகவே முதுமையுற்ற கருவியும் இதற்குப் பயன்படும்.

சர்வர் என்னும் சொல்

லினக்சில் திரைப்படிமத்தை வரையும் பொறுப்பை நெடுங்காலமாக ஏற்றிருப்பது எக்ஸ் என்னும் சாளர அமைப்பு. அமெரிக்காவின் மாசாசூசெட்சுத் தொழில்நுட்பக் கழகத்தில் 1984ஆம் ஆண்டு பாப் ஷைப்ளர், ஜிம் கெட்டிசு முதலியோர் இதனை உருவாக்கினர். அங்கே அதீனா என்னும் திட்டத்தின்கீழ் வளாகமெங்கும் வெவ்வேறு நிறுவனங்களின் கணிப்பொறிகள் இருந்தன. ஒன்றில் இயங்கும் நிரலை மற்றொன்றின் திரையில் காணவேண்டும் என்பதே அவர்களது தேவை. ஆகவே வரைபவன் ஓரிடம், வரையச் சொல்பவன் ஓரிடம் என்னும் பிரிவினை அதன் பிறப்பிலேயே அமைந்தது. 1987இல் வெளிவந்த பதினோராம் பதிப்பே இன்றளவும் எக்ஸ்11 என வழங்குகிறது.

இதில் மாணவரை மயங்க வைக்கும் இடம் ஒன்று உண்டு. சர்வர் என்றால் எங்கோ தொலைவில் இருக்கும் பெரிய கணிப்பொறி என்று நாம் பழகியுள்ளோம். எக்ஸ் அமைப்பிலோ திரை எங்குள்ளதோ அங்கிருப்பதுதான் சர்வர். தொலைவில் வேலை செய்யும் நிரல்கள் அதன் வாடிக்கையாளர்கள். தலைகீழாகத் தோன்றும். ஆனால் நம்மூர் உணவு விடுதியை நினைத்துப் பார்த்தால் குழப்பம் தீரும். அங்கே சர்வர் என்று நாம் அழைப்பவர் நம் மேசைக்கருகில் நிற்பவர். சமையல் உள்ளே எங்கோ நடக்கிறது. இலை போடுவதும், பரிமாறுவதும், நாம் கேட்டதை உள்ளே சொல்வதும் அவர் பணி. எக்ஸ் சர்வரும் அத்தகையதே. திரை என்னும் இலையில் பரிமாறும். விசைப்பலகையில் நாம் தட்டுவதை நிரலுக்குச் சொல்லும். ஆங்கில நூல்கள் பத்துப் பக்கத்தில் விளக்குவதை நம் பேச்சு வழக்கு ஒரு சொல்லில் முன்னமே விளக்கி வைத்திருக்கிறது.

ஒரே கணிப்பொறியில் இத்தகைய சர்வர் பலர் இருக்கலாம் என்பதால் ஒவ்வொரு திரைக்கும் ஓர் எண் உண்டு. முதல் திரை சுழியம், அடுத்தது ஒன்று. டிஸ்பிளே என்னும் சூழல்மாறியில் அவ்வெண் எழுதப்பட்டிருக்கும். ஒரு நிரல் எழும்போது, தான் எந்த இலையில் பரிமாறப்பட வேண்டும் என்று அதனைப் பார்த்தே அறியும். அம்மாறி வெறுமையாக இருந்தால், ‘திரையைத் திறக்க இயலவில்லை’ என்னும் பொருள்பட ஒரு பிழைச்செய்தி வரும். தொலைவிலிருந்து நுழைந்து நேரடியாக ஒரு வரைகலை நிரலை அழைத்துப் பார்க்கும் ஒவ்வொருவரும் முதலில் காண்பது இச்செய்தியே. நானும் கண்டேன், கணிப்பொறி பழுதுற்றது என்றே அன்று எண்ணினேன்.

கட்டியங்காரன் வரவேண்டும்

கணிப்பொறியின் எதிரிலேயே அமர்ந்திருப்பவர் ஆணை வரியில் ‘ஸ்டார்ட்எக்ஸ்’ என்று தட்டினால் பணிமேடை எழும். இச்சிறு சொல் என்ன செய்கிறது? முதலில் எக்ஸ் சர்வரை எழுப்புகிறது. அப்போது திரை வெறுமையாகவே இருக்கும். பின்னர், நம் வீட்டு அடைவில் புள்ளியில் தொடங்கும் பெயருடன் மறைந்திருக்கும் ‘எக்ஸ்இனிட்ஆர்சி’ என்னும் கோப்பைப் படித்து, அதில் எழுதியவற்றை வரிசையாக நடத்துகிறது. கடைசி வரியில் ‘எக்ஸெக்’ என்னும் சொல்லும், ஓர் இடைவெளி விட்டு ‘ஸ்டார்ட்எக்ஸ்எப்சிஈ4’ என்னும் சொல்லும் இருந்தால் எக்ஸ்எப்சிஈ பணிமேடை வரும்.

நம் வட்டாரத்தில் தெருக்கூத்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. களம் அமைத்து விளக்கேற்றிய மாத்திரத்தில் கூத்துத் தொடங்கிவிடுவதில்லை. கட்டியங்காரன் வரவேண்டும். அவன் வந்து அறிவித்த பின்னரே பாத்திரங்கள் ஒவ்வொன்றாகத் திரைக்குப் பின்னிருந்து வருகின்றன. பணிமேடையிலும் அமர்வு மேலாளர் என்னும் ஒரு நிரல் முதலில் வந்து, சாளரங்களுக்குச் சட்டமிடும் நிரல், கீழே ஓடும் பட்டை, கோப்புக் காட்டும் நிரல் ஆகியவற்றை முறையே அழைக்கிறது. அவை தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ள டி-பஸ் என்னும் ஒரு பொது வழியும் வேண்டும். இவர்களுள் ஒருவர் வாராவிட்டாலும் கூத்துக் கெடும். தொலைப்பணியில் பலர் காணும் சாம்பல்நிற வெறுந்திரைக்குக் காரணம் பெரும்பாலும் இதுவே: களம் அமைந்தது, கட்டியங்காரன் வரவில்லை.

அந்தக் கடைசி வரியைப் பற்றி ஒரு சொல். கோப்பின் கடைசி வரி முடிந்தால் கூத்து முடிந்தது என்று எக்ஸ் கருதும். பணிமேடையை அழைக்கும் வரியின் இறுதியில், பின்னணியில் இயங்குக என்னும் பொருள்தரும் குறியைப் பழக்கத்தால் இட்டுவிட்டால், அவ்வரி உடனே முடிந்ததாகக் கணக்காகித் திரை தோன்றிய கணமே மறையும். ஒரு மாலை முழுவதையும் இந்தக் குறி ஒன்றிற்காக இழந்தேன்.

திரையில்லாத் திரை

மேலே சொன்னது எதிரில் அமர்ந்திருப்பவருக்கு. நம் துறைக் கணிப்பொறியின் எதிரில் ஒருவரும் இல்லை. கல்லூரிக் காவலரிடம் தொலைபேசியில் வேண்டிக் கொண்டதால், அந்த அண்ணன் அறையைத் திறந்து பொத்தானை அழுத்திவிட்டுப் போனார். அவரால் இயன்றது அவ்வளவு. அங்கே எழும் பணிமேடையை யார் பார்ப்பது?

இதற்கு ஒரு வழியை இங்கிலாந்தின் கேம்பிரிட்சு நகரில் இருந்த ஒலிவெட்டி ஆய்வகத்தினர் 1990களில் கண்டனர். வி.என்.சி. என்பது அதன் பெயர். அதன் சர்வர், கண்ணாடித் திரைக்குப் பதிலாக நினைவகத்தில் ஒரு கற்பனைத் திரையை வைத்துக்கொண்டு அதன்மேல் வரைகிறது. வரைந்ததைப் படமாக இணைப்பின் வழியே அனுப்புகிறது. நிரல்களுக்கோ இது மெய்த்திரையா பொய்த்திரையா என்னும் வேறுபாடே தெரியாது. 1280க்கு 720 என்னும் அளவுடைய திரையில் 9,21,600 புள்ளிகள் உள்ளன. புள்ளிக்கு மூன்று பைட்டு எனக் கொண்டால் ஒரு முழுப் படத்திற்கு 27,64,800 பைட்டு. இதனை நொடிதோறும் அனுப்பினால் நம் கைப்பேசி இணைப்புத் தாங்காது. ஆகவே மாறிய பகுதியை மட்டும் கட்டங்களாகப் பிரித்து, சுருக்கி அனுப்புகிறது. ஆய்வேடு தட்டும்போது மாறுவது ஒரு வரி. எனவே செலவு சிறிது. அசையும் படங்களும் அழகிய பின்னணியும் வைத்தால் செலவு பெருகும். பின்னணியை ஒற்றை நிறமாக்குக என்று மாணவிக்கு நான் சொன்னபோது, கஞ்சத்தனம் என்றே அவர் கருதியிருப்பார்.

இன்று பரவலாக உள்ளது 2009இல் பிரிந்து வளர்ந்த டைகர் வி.என்.சி. டெபியன் குடும்ப லினக்சில் எக்ஸ்எப்சிஈ பணிமேடையையும் டைகர் வி.என்.சி. சர்வரையும் நிறுவிக்கொள்ள வேண்டும். ‘விஎன்சிபாஸ்வேர்ட்’ என்னும் ஆணையின் வேலை கடவுச்சொல் வைப்பது. தட்டும்போது அதன் பிற்பகுதியைப் ‘பாஸ்வுட்’ என்பதுபோல் சுருக்கி, நடுவிலுள்ள ஓ, ஆர் என்னும் இரண்டு எழுத்துகளை விட்டுத் தட்ட வேண்டும். அதன்பின் ‘எக்ஸ்ஸ்டார்ட்அப்’ என்னும் கோப்பை எழுதவேண்டும். இது ஸ்டார்ட்எக்ஸின் கோப்புக்கு உடன்பிறப்பு. நான் பட்டறிந்து எழுதிய வரிகள் நான்கே. முதல் வரி, இது எந்த ஓட்டுநரால் படிக்கப்பட வேண்டும் என்பது. இரண்டாவதும் மூன்றாவதும், அமர்வு மேலாளர் முகவரி, டி-பஸ் முகவரி ஆகிய இரண்டு பழைய மாறிகளை ‘அன்செட்’ என்னும் சொல்லால் நீக்குவன. நான்காவது, ‘எக்ஸெக்’, ‘டிபஸ்-ரன்-செஷன்’, ‘ஸ்டார்ட்எக்ஸ்எப்சிஈ4’ என்னும் மூன்று சொற்கள் இடைவெளியுடன். எழுதியபின் கோப்புக்கு இயங்கும் உரிமை தரவேண்டும்; தராவிடில் முன்சொன்ன வெறுந்திரை நிலைதான்.

பழைய முகவரிகளை ஏன் நீக்கவேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். ஒரே பயனர் பெயரில் கல்லூரித் திரையில் ஒரு பணிமேடையும் தொலைவில் மற்றொன்றும் எழுந்தால், இரண்டும் ஒரே டி-பஸ் வழியைப் பற்றிக்கொண்டு மோதும். ஒன்று கருந்திரையாக நிற்கும். ஒரு களத்தில் இரண்டு கட்டியங்காரர் என்க. இதனைத் தவிர்க்கவே அந்த நீக்கம். இன்னும் நல்லது, ஆளில்லாத கணிப்பொறி தன் சொந்தத் திரையில் பணிமேடையை எழுப்பாமல் எழுத்து நிலையிலேயே தொடங்குமாறு அமைத்துவிடுதல். நினைவகமும் மிச்சமாகும்.

இவை முடிந்தபின் ‘விஎன்சிசர்வர்’ என்று தட்டி, முக்காற்புள்ளியும் ஒன்று என்னும் எண்ணும் சேர்த்தால் முதலாம் எண் கற்பனைத் திரை எழும். ‘ஜியாமெட்ரி’ என்னும் குறிப்பால் அதன் அளவைச் சொல்லலாம். திரை எண்ணுடன் 5900ஐக் கூட்டினால் வருவது அதன் கதவு எண். முதலாம் திரைக்கு 5901. அதே ஆணையுடன் ‘கில்’ என்பதைச் சேர்த்தால் திரை இறங்கும். ஏதேனும் பிழைத்தால், பதிவுக் கோப்பு ஒன்று அருகிலேயே இருக்கும். அதன் கடைசிப் பத்து வரிகளைப் படிப்பவனுக்குப் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். நாம்தான் படிப்பதில்லை.

இழந்தது

ஏப்ரல் முதல் வாரத்தில் திரை எழுந்தது. குடிகாட்டிலிருந்து கல்லூரி அறைக் கணிப்பொறியின் கோப்புகளைக் கண்டேன். அந்த மகிழ்ச்சியில் ஓர் அறியாமை செய்தேன். 5901ஆம் கதவை இணைய வழிப்படுத்தியில் நேரே வெளியுலகிற்குத் திறந்துவிட்டேன். கடவுச்சொல் இருக்கிறதே என்பது என் துணிவு. வி.என்.சி.யின் பழைய முறைக் கடவுச்சொல்லில் எட்டு எழுத்துகளுக்கு மேல் கணக்கில் கொள்ளப்படுவதில்லை என்பதும், படிமங்களும் விசைகளும் மறைகுறியாக்கம் இன்றிச் செல்கின்றன என்பதும், இணையத்தில் திறந்த கதவுகளை ஓயாது தட்டிப் பார்க்கும் தானியங்கி நிரல்கள் உலவுகின்றன என்பதும் அன்று நான் அறியாதவை. என் கடவுச்சொல்லோ துறையின் பெயர்ச் சுருக்கம்.

ஐந்தாம் நாள் காலை, நான் தொடாமலே சுட்டெலியின் அம்புக்குறி திரையில் நகர்ந்தது. கோப்பு அடைவு ஒன்று திறந்தது. வீட்டில் என் அருகிலிருந்த அன்னையார், வேறு யாரோ கல்லூரியில் வேலை செய்கிறார்கள் என்று நினைத்தார். காவலரை அழைத்து இணைப்புக் கம்பியைப் பிடுங்கச் சொல்வதற்குள் பத்து நிமிடம் கழிந்தது. சொல் தொகுப்பு தப்பியது. அதற்குப் படி இருந்தது. ஒலிப்பதிவு அடைவு அழிக்கப்பட்டிருந்தது. அதிலிருந்தவற்றுள் பெரும்பாலானவை மாணவர்களின் கைப்பேசிகளில் இருந்து மீண்டன. ஒன்று மீளவில்லை. கட்டுமரத்தின் மரங்களை எந்த வரிசையில் பிணைப்பது என்று முதிய மீனவர் ஒருவர் நாற்பது நிமிடம் விளக்கிய பதிவு அது. அவர் அதற்கு முந்திய ஆண்டே மறைந்துவிட்டார். அவர் சொன்ன சொற்கள் நம் தொகுப்பில் உள்ளன. அவற்றைச் சொன்ன முறை இல்லை. தொகுப்பில் அச்சொற்களுக்கு எதிரே ஒலிப்பதிவு எண் இருக்கவேண்டிய கட்டம் வெறுமையாக இருப்பதற்குக் காரணம் நான்தான்.

மூடிய வழி

சரியான முறை அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. 1995ஆம் ஆண்டு எல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் யாரோ ஒளிந்திருந்து கடவுச்சொற்களைத் திருடினர். அங்கிருந்த தத்து யுலோனன் என்பார் அதற்கு மாற்றாக எஸ்.எஸ்.எச். என்னும் மறைகுறி வழியை உருவாக்கினார். இரு கணிப்பொறிகளுக்கிடையே செல்லும் ஒவ்வோர் எழுத்தும் அதில் குறியாக்கம் பெற்றே செல்லும். அதன் கதவு எண் 22.

இவ்வழி ஆணை வரிக்கு மட்டும் உரியதன்று. அதற்குள் வேறு போக்குவரத்தையும் சுரங்கமாக விடலாம். செய்யவேண்டியது இது: கல்லூரிக் கணிப்பொறியில் வி.என்.சி.யை எழுப்பும்போது ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்னும் குறிப்பைச் சேர்க்க. அப்போது அத்திரை அக்கணிப்பொறிக்குள்ளிருந்து வருவோர்க்கன்றி வெளியிலிருந்து வருவோர்க்குத் திறக்காது. சில பதிப்புகள் இயல்பாகவே அவ்வாறு இருப்பினும் நாமே சொல்லிவிடுவது நலம். வீட்டுக் கணிப்பொறியில் ‘எஸ்எஸ்எச்’ என்று தட்டி, பெரிய எழுத்தில் ‘எல்’ என்னும் குறிப்பும், அதன்பின் 5901, லோக்கல்ஹோஸ்ட், 5901 என்னும் மூன்றையும் முக்காற்புள்ளிகளால் இணைத்தும், கடைசியாகப் பயனர் பெயருடன் கல்லூரி முகவரியும் தருக. இப்போது நம் வீட்டுக் கணிப்பொறியின் 5901ஆம் கதவு, மறைகுறிச் சுரங்கத்தின் மறுமுனையில் கல்லூரிக் கணிப்பொறிக்குள் திறக்கிறது. காட்சி நிரலில் முகவரியாக நம் சொந்தக் கணிப்பொறியையே சொன்னால் போதும். வெளியுலகுக்குத் திறந்திருப்பது 22ஆம் கதவு ஒன்றே. அதிலும் கடவுச்சொல்லை ஏற்காமல், நம்மிடம் உள்ள திறவுகோல் கோப்பை மட்டும் ஏற்குமாறு அமைத்தோம். அந்தக் கதவையும் தட்டிப் பார்ப்போர் இன்றுவரை ஓயவில்லை என்று பதிவுக் கோப்பு காட்டுகிறது. தட்டுகிறார்கள், போகிறார்கள்.

நிலையான முகவரி இல்லாத இணைப்புகளில், குறிப்பாகக் கைப்பேசி இணைப்புகளில், வெளியிலிருந்து உள்ளே வர வழியிராது. அங்கே, உள்ளிருக்கும் கணிப்பொறியே வெளியிலுள்ள ஒரு பொதுக் கணிப்பொறிக்குச் சென்று தன்னை நோக்கி வரும் சுரங்கத்தைத் தோண்டி வைக்குமாறு செய்யலாம். ‘எல்’ என்பதற்குப் பதில் பெரிய ‘ஆர்’.

சுரங்கம் முறிந்தாலும் கற்பனைத் திரை அழிவதில்லை. நம் இணைப்பு அறுந்தால் அறுவது பார்வை மட்டுமே. சிற்றூர் இணைப்பில் வேலை செய்யும் மாணவர்க்கு இதனினும் பெரிய நன்மை வேறில்லை. பாதி எழுதிய சொற்றொடர் பாதியிலேயே காத்திருக்கும்.

தமிழ் தட்டுதல்

நம் துறைக்குரிய சிக்கல் இனித்தான். திரை எழுந்தது, தமிழ் வரவில்லை. தமிழில் பெயரிட்ட கோப்புகளெல்லாம் முனையச் சாளரத்தில் வினாக்குறிகளாக நின்றன. நேரில் நுழையும்போது மொழி அமைப்பை உள்நுழைவுத் திரையே ஏற்படுத்தித் தந்துவிடும். ஆணை வரியிலிருந்து எழுப்பும் அமர்வில் நாமே சொல்ல வேண்டும். ‘லாங்’ என்னும் மாறிக்கு யூடிஎப்-8 குறிமுறையுடன் கூடிய தமிழ் அல்லது இந்திய ஆங்கில அமைப்பை எக்ஸ்ஸ்டார்ட்அப் கோப்பில், பணிமேடையை அழைக்கும் வரிக்கு முன்னரே எழுதியதும் வினாக்குறிகள் எழுத்துகளாயின.

தட்டச்சுக்கு ஐபஸ் என்னும் உள்ளீட்டு நிரலும், அதன்வழி தமிழ்99 விசைப்பலகையும் வேண்டும். 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி அரசு ஏற்ற விசைப்பலகை அது. ஐபஸை எழுப்பும் வரியும், நிரல்கள் அதனை நாடுமாறு செய்யும் மாறிகள் மூன்றும் அதே கோப்பில் இடம்பெற வேண்டும். இவ்வளவும் செய்த பின்னும் மாணவிக்கு எழுத்துகள் தாறுமாறாக விழுந்தன. காரணம் கண்டுபிடித்தவர் அவரே. தம் மடிக்கணினியிலும் தமிழ் விசைப்பலகையை இயக்கி வைத்திருந்தார். ஒரே விசை இரு முறை தமிழாக்கப்பட்டது. மொழிபெயர்ப்பை மீண்டும் மொழிபெயர்த்தது போலாயிற்று. இம்முனையில் ஆங்கிலம், அம்முனையில் தமிழ் என வைத்தபின் சிக்கல் தீர்ந்தது.

எக்ஸின் காலம் மாறி வருவதையும் சொல்லவேண்டும். 2008இல் தொடங்கிய வேலாண்டு என்னும் புதிய அமைப்பு அதன் இடத்தைப் படிப்படியாகப் பிடித்துவருகிறது. குனோம் பணிமேடை 2024இல் வந்த 46ஆம் பதிப்பிலிருந்து, வி.என்.சி. இல்லாமலே ஆர்.டி.பி. என்னும் முறையில் தொலைவிலிருந்து புதிய அமர்வைத் தொடங்க இடம் தருகிறது. மேலே நான் எழுதியவற்றுள் சில கோப்புப் பெயர்கள் அப்போது மாறும். சுரங்கம் மாறாது.

புயலுக்கு முன்னும் பின்னும்

அவ்வாண்டு நவம்பர் 25ஆம் நாள் இரவு நிவர் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடக்கும் என்று அறிவித்தார்கள். தானே புயலையும் 2015ஆம் ஆண்டு வெள்ளத்தையும் கண்ட ஊர்கள் இவை. மின்சாரம் நிற்கும் என்பது உறுதி. மின்சாரம் நின்றால் நினைவகத்திலுள்ள கற்பனைத் திரையும் உடன் அழியும். ஆகவே 24ஆம் நாள் மாலையே மாணவி தம் ஆய்வேட்டைச் சேமித்து, ஒரு படியைத் தம் மடிக்கணினிக்கும் இறக்கிக்கொண்டார். நான் திரையை இறக்கி, கணிப்பொறியை நிறுத்தும் ஆணையைத் தட்டினேன். தட்டிய கையோடு ஓர் அச்சம் தோன்றியது: நிறுத்தியதை மீண்டும் யார் இயக்குவது? காவலரும் தம் ஊருக்குப் போயிருந்தார்.

நல்லவேளையாகச் சில வாரம் முன்பு, கணிப்பொறியின் அடிப்படை அமைப்பில் மின்சாரம் வந்ததும் என்ன செய்வது என்னும் இடத்தில் ‘எப்போதும் இயங்குக’ என்பதைக் காவலர் வழியாகத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். ‘முன்பிருந்த நிலை’ என்று வைத்திருந்தால், முறையாக நிறுத்திய கணிப்பொறி நிறுத்தியபடியே கிடந்திருக்கும். எஸ்.எஸ்.எச். வழி, கணிப்பொறி எழும்போதே தானாக எழுமாறு அமைந்திருந்தது.

குடிகாட்டில் விளக்கு எரிந்தபின்னும் கல்லூரிப் பக்கம் எரிந்ததா என்று தெரியவில்லை. ஒவ்வொரு மணிக்கும் ஒருமுறை அதே ஆணையைத் தட்டிப் பார்த்தேன். விடையில்லை. மூன்றாம் நாள் அதிகாலைத் தொழுகைக்கு எழுந்தவன், முடித்துவிட்டு மீண்டும் தட்டினேன். கருந்திரையில் துறைக் கணிப்பொறியின் பெயரும் அதன் அருகே கண்சிமிட்டும் சிறு கோடும் வந்தன. விஎன்சிசர்வர், முக்காற்புள்ளி, ஒன்று என்று தட்டிவிட்டு மாணவியை அழைத்தேன். அவர் முதலில் திறந்தது ஆய்வேட்டை அன்று, ஒலிப்பதிவு அடைவைத்தான்.